பழைய அலாய் வீல்: உரித்துப் பளபளப்பாக்குவதா, உரசி மறுபடி பெயிண்ட் அடிப்பதா?

கிளியர் கோட்டுக்கு (பெயிண்டுக்கு மேல் அடிக்கும் நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு) அடியில் வெள்ளையாகப் பூத்து, ஸ்போக் ஓரங்களில் பெயிண்ட் செதில் செதிலாகக் கிளம்பி, விளிம்பில் சாலையோரக் கல் உரசிய தழும்போடு நிற்கும் சக்கரத்தைப் பார்த்ததும் பலரும் கேட்பது, எந்த பெயிண்ட் ரிமூவர் நன்றாக வேலை செய்யும் என்பதைத்தான். அதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்ய வேண்டும். வேலை முடிந்த பிறகு சக்கரம் எப்படி இருக்கப் போகிறது? வெறும் உலோகமாக மின்னப் போகிறதா, மறுபடி பெயிண்ட் ஏறப் போகிறதா? எந்த முறையில் உரிப்பது, எந்த எண் எமரித் தாளில் (எண் கூடக் கூடத் தாள் மென்மை) தொடங்குவது, எத்தனை நாள் செலவாகும் என்பதெல்லாம் அதைப் பொறுத்தது. பெயிண்ட் அடிக்கப் போகிறவர் முழுதாக உரிப்பது பெரும்பாலும் வீண் உழைப்பு. பளபளப்பாக்கப் போகிறவர் மணல் பீய்ச்சி உரிப்பது வேலையை இரட்டிப்பாக்கும்.

முதலில் சக்கரத்தின் இனம்

பெரும்பாலான கார்களில் இருப்பது வார்ப்பு அலுமினியச் சக்கரம். ஏ356 என்ற கலவைதான் பரவலானது; அதில் சுமார் 7 சதவீதம் சிலிக்கானும் சிறிதளவு மெக்னீசியமும் உண்டு. வார்த்தெடுத்த பிறகு டி6 என்ற வெப்பப் பதம் கொடுத்து அதை வலுவாக்குகிறார்கள். சிலிக்கான் கலந்திருப்பதால் எவ்வளவு தேய்த்தாலும் மெல்லிய சாம்பல் சாயல் கொஞ்சம் தங்கும். வெப்பப் பதம் கொடுத்திருப்பதால் கண்டபடி சூடு காட்டக் கூடாது. 6061 போன்ற கலவையை அழுத்தி அடித்து உருவாக்கும் ஃபோர்ஜ்டு சக்கரங்களில் சிலிக்கான் குறைவு, துளைகளும் இருக்காது. கண்ணாடி போன்ற மினுக்கு அவற்றில்தான் எளிதாக வரும்.

மூன்று வகையை வீட்டில் உரிக்கவே வேண்டாம். குரோம் முலாம் ரிமூவருக்கு அசையாது. உரசினால் நிக்கல், குரோமியத் தூள் மூச்சோடு உள்ளே போகும். மெக்னீசியச் சக்கரம் அரிது, ஆனால் அதன் தூள் தீப்பிடிக்கும். பிடித்த தீயில் தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசமாகும். சந்தேகம் இருந்தால் சக்கரத்தின் உட்பக்கம் ஓரிடத்தில் பெயிண்டைச் சுரண்டி, வெறும் உலோகத்தில் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். உடனே நுரைத்துக் குமிழியிட்டால் மெக்னீசியம். அலுமினியத்தில் ஒன்றும் நடக்காது.

மூன்றாவது டைமண்ட் கட் சக்கரம். முகப்பைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் பழைய இசைத்தட்டில் இருப்பது போல மிக மெல்லிய வட்டக் கோடுகள் தெரியும். அவை லேத்தில் கடைந்த கோடுகள். கையால் ஒருமுறை உரசிவிட்டால் அவை போயே போச்சு. மறுபடி கடைந்தால்தான் திரும்பும். ஒவ்வொரு கடைசலிலும் உலோகம் குறைவதால் அதையும் அடிக்கடி செய்ய முடியாது. அந்தக் கோடுகள் பிடித்திருக்கிறது என்றால் சக்கரத்தை லேத் வைத்திருக்கும் பட்டறைக்குக் கொண்டு போவதே வழி.

முடிவில் என்ன வேண்டும்?

வெறும் உலோகப் பளபளப்பு பார்க்க அழகு, பராமரிக்கக் கஷ்டம். மழையில் ஓடும் தினசரிக் கார் என்றால் சில வாரங்களிலேயே மினுக்கு மங்கிப் பால்பூச்சு போன்ற மூட்டம் படியும். அப்போதெல்லாம் மெட்டல் பாலிஷ் எடுத்து ஒவ்வொரு ஸ்போக்காகத் துடைக்க வேண்டும். மெழுகோ செராமிக் கோட்டோ அந்த இடைவெளியை நீட்டும், ஒழித்துவிடாது. கடற்கரைக் காற்றும் பனிச்சாலையில் தூவும் உப்பும் பட்டால் மங்கல் மட்டும் இல்லை, புள்ளிப் புள்ளியாக அரிப்பும் விழும். அமிலமோ காரமோ கலந்த வீல் கிளீனர் ஒரே கழுவலில் கறை படுத்தும். நடுநிலையான ஷாம்பூவைத் தவிர வேறெதுவும் அதன் மேல் படக் கூடாது. வார இறுதியில் மட்டும் வெளியே வரும் கார், துடைப்பதையே விரும்பிச் செய்யும் மனிதர் என்றால் இதற்கு ஈடு வேறில்லை.

பளபளப்பாக்கி அதன் மேல் கிளியர் கோட் அடிப்பது கேட்க இரண்டு நன்மையும் சேர்ந்தது போல இருக்கும். வீட்டு வேலையில் மூன்று வழிகளிலும் மோசமானது இதுதான். பெயிண்ட் ஒட்டுவதற்கு நுண்ணிய கீறல்களின் பிடிப்பு வேண்டும். கண்ணாடி போல மழமழப்பாக்கிய உலோகத்தில் அந்தப் பிடிப்பு கிடையாது. பஃபிங் (சுழலும் பருத்திச் சக்கரத்தால் மினுக்குவது) சோப்பின் மெழுகும் கொழுப்பும் துளைகளில் கொஞ்சம் தங்கிவிடும். முதல் கல் தெறித்து ஒரு புள்ளி உடைந்ததும் ஈரம் உள்ளே நுழைந்து, கிளியருக்கு அடியில் புழு ஊர்ந்த தடம் போல வெள்ளைக் கோடுகள் கிளம்பும். அதைச் சரிசெய்ய மறுபடி முழுதாக உரிக்க வேண்டியதுதான். உலோகத் தோற்றமும் வேண்டும், பாதுகாப்பும் வேண்டும் என்றால் கண்ணாடிப் பளபளப்பை விட்டுக்கொடுங்கள். 400 அல்லது 600 எண் தாளால் ஒரே திசையில் தேய்த்து நிறுத்திக்கொண்டு அதன் மேல் கிளியர் அடித்தால், பிரஷ் செய்த எவர்சில்வர் போன்ற தோற்றம் வரும். பிடிப்பும் பல மடங்கு மேல்.

மூன்றாவது, மறுபடி பெயிண்ட். தினமும் ஓடும் காருக்கு இதைத்தான் பரிந்துரைக்க முடியும். அதோடு, இதற்குப் பழைய பெயிண்ட் முழுதும் போக வேண்டியதில்லை. கூரான பிளேடால் கட்டம் கட்டமாகக் கீறி, ஒட்டும் டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். பெயிண்ட் கூடவே வரவில்லை என்றால் அது நல்ல அடித்தளம். உரிந்த இடத்தை மட்டும் உறுதியான ஓரம் வரும் வரை தேய்த்துச் சரிவாக்கி, மீதியை 320, 400 தாளால் மங்கலாக்கினால் போதும். டேப்போடு பெரிய செதில்கள் வந்தாலோ, ஏற்கெனவே இரண்டு மூன்று தடவை அடித்த தடிமன் இருந்தாலோதான் முழு உரிப்பு.

உரிக்கும் வழிகள்

ரசாயன ரிமூவர் என்ற ஒரே பெயரில் மிக வேறுபட்ட பொருள்கள் விற்கின்றன. லேபிளில் உள்ளடக்கத்தைப் படிக்காமல் வாங்கக் கூடாது.

மெத்திலீன் குளோரைடு கலந்த பழைய வகை பத்து இருபது நிமிடத்தில் எதையும் கிளப்பும். அதே வேகத்தில் ஆளையும் சாய்க்கும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தாழ்வான மூடிய இடத்தில் தேங்கும். உடலுக்குள் போனபின் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக மாறும். சாதாரண நைட்ரைல் கையுறையைச் சில நிமிடங்களிலேயே ஊடுருவிவிடும். அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கான பெயிண்ட் ரிமூவர்களில் 2019-இல் இது தடைசெய்யப்பட்டது. கடையில் கிடைத்தாலும் வீட்டு ஷெட்டில் வேண்டாம்.

காஸ்டிக் சோடா சார்ந்தவை, சமையல் ஓவன் கிளீனர் உட்பட, இரும்புக்கு ஏற்றவை. அலுமினியத்தைக் காரம் தின்னும். தின்னும்போது ஹைட்ரஜன் வாயு கிளம்பும், உலோகம் கறுத்துப்போகும், முகப்பு முழுக்கச் சொரசொரப்பாகும். அந்தக் கறுப்பைத் தேய்த்து எடுக்கவே ஒரு நாள் போய்விடும். தின்னரும் அசிட்டோனும் ஸ்பிரே டப்பாவில் அடித்த பெயிண்டைக் கரைக்கும். தொழிற்சாலையில் சுட்டெடுத்த பவுடர் கோட்டிங்கோ ஹார்டனர் (இறுகவைக்கும் திரவம்) கலந்த பெயிண்டோ அதற்கு மசியாது. பிரேக் ஆயில் ஊற்றி ஊறவைக்கும் யோசனையும் சுற்றுகிறது. நாட்கணக்கில் ஊறினாலும் பவுடர் கோட்டிங் மேல் அரைகுறையாகத்தான் வேலை செய்யும், கழுவி வெளியேற்றுவதும் தொல்லை.

மிஞ்சுவது பென்சைல் ஆல்கஹால் சார்ந்த ஜெல். மெதுவானது, ஆனால் அலுமினியத்தைத் தொடாது. வீட்டுக்கு இதுதான் சரி. 16 அங்குலச் சக்கரத்தின் முகப்புக்கும் ஸ்போக் பக்கங்களுக்கும் ஒரு தடவைக்கு 250 முதல் 300 மி.லி. வேண்டும்; பெயிண்ட் அடிப்பது போல இழுத்துத் தேய்க்காமல், பிரஷ்ஷால் தடிமனாக அப்பி விட வேண்டும். உடனே சமையலறையில் பயன்படும் ஒட்டும் பிளாஸ்டிக் படலத்தால் போர்த்தி மூடுங்கள். ஜெல் காய்ந்துவிட்டால் வேலை நின்றுபோகும். பலர் "இந்த ரிமூவர் சரியில்லை" என்று தூக்கிப் போடுவதற்குக் காரணம் இந்தப் படலத்தை விட்டுவிடுவதுதான். 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர்ந்திருந்தாலும் வேகம் குறையும். முன்னதாகவே கிளியர் கோட்டை 80 தாளால் குறுக்கும் நெடுக்குமாக நன்கு கீறிவிட்டால் ஜெல் சீக்கிரம் இறங்கும்.

நான்கு மணி நேரத்துக்குப் பிறகு படலத்தின் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். சூடான பாலில் ஆடை சுருங்குவது போலப் பெயிண்ட் மடிப்பு மடிப்பாகக் கிளம்பியிருந்தால் பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்தெடுக்கலாம். நிறம் மட்டும் இளகி, அடியில் சாம்பலோ மஞ்சளோ மெல்லிய படலம் விடாப்பிடியாக நிற்கிறது என்றால் அது பிரைமர், அதாவது நிறத்துக்கு அடியில் போடும் அடிப்பூச்சு. அதற்கு இரண்டாவது தடவை அப்பி, இரவு முழுக்க விட வேண்டும். இரும்புச் சுரண்டியும் ஸ்டீல் கம்பிப் பஞ்சும் வேண்டாம். பித்தளை பிரஷ் அல்லது நைலான் தேய்ப்பான் போதும். லேபிளில் அமிலம் சேர்ந்தது என்று இருந்தால், வழித்த பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து கழுவி, பிறகு நல்ல தண்ணீரில் அலசவும். கைக்குப் பியூட்டைல் ரப்பர் கையுறை, முகத்துக்கு முழுக் கண்ணாடி, திறந்த வெளி. வழித்த குழம்பைச் சாக்கடையில் தள்ளாமல் மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, அபாயக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் டயரைக் கழற்றிவிடுவது நல்லது. கழற்ற முடியாவிட்டால் டயருக்கும் விளிம்புக்கும் இடையில் விளையாட்டுச் சீட்டுகளை வட்டமாகச் செருகி, அதன் மேல் டேப் ஒட்டிப் பெயிண்ட் அடிக்கலாம். ஆனால் ரிமூவர் பயன்படுத்துவதாக இருந்தால் இந்த ஏற்பாடு போதாது. ஜெல் இடுக்கில் இறங்கி ரப்பரையும் வால்வையும் காற்றழுத்த சென்சாரையும் கெடுக்கும்.

இயந்திரத்தால் தேய்ப்பது இரண்டாவது வழி. கிரைண்டரில் மாட்டும், கறுப்பாகவோ ஊதாவாகவோ தேன்கூடு போல இருக்கும் நைலான் உரிப்புத் தட்டு தட்டையான முகப்பைச் சில நிமிடங்களில் உரித்துவிடும், உலோகத்தை அதிகம் தின்னாது. ஸ்போக்குக்கு நடுவில், நட்டுக் குழிக்குள் அது போகாது. அங்கே ஜெல்தான். அதனால் ரசாயனத்தையும் தட்டையும் சேர்த்துச் செய்வதே நடைமுறையில் விரைவானது. இரும்புக் கம்பிச் சக்கரத்தை மட்டும் மாட்டாதீர்கள். அது மென்மையான அலுமினியத்தில் இரும்புத் துகளைப் பதித்துவிடும்; சில வாரம் கழித்துப் பழுப்புப் புள்ளிகள் தலைகாட்டும்போதுதான் தெரியும். இரும்பு அரைத்த அதே கிரைண்டரின் தூசிப் பையில் அலுமினியத் தூளையும் சேர்ப்பது தீ அபாயம். ஈரமான அலுமினியத் தூளைக் காற்றுப் புகாமல் மூடியும் வைக்கக் கூடாது, ஹைட்ரஜன் சேரும்.

மணல் பீய்ச்சுதல் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பெயிண்ட் அடிப்பதற்கு அருமையான அடித்தளம், பளபளப்புக்கு எதிரி. மேற்பரப்பு முழுக்கப் பொடிக் குழிகள் விழும். அவற்றை மட்டமாக்க 120-லிருந்து தொடங்க வேண்டும். 3 மி.மீ. நாசிலுக்கு 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நிமிடத்துக்கு 500 லிட்டருக்கும் மேல் காற்று தொடர்ந்து வேண்டும். வீட்டில் இருக்கும் சிறிய கம்பிரசரால் அது முடியாது. சாதாரண ஆற்று மணலைப் பயன்படுத்தவே கூடாது, சிலிக்கா தூசு நுரையீரலை மீளமுடியாமல் கெடுக்கும். பட்டறையில் கொடுப்பதானால் கண்ணாடி மணியோ பிளாஸ்டிக் துகளோ குறைந்த அழுத்தத்தில் அடிக்கச் சொல்லுங்கள்.

சூடு காட்டி உரிப்பதை ஒதுக்கிவிடலாம். ஏ356 சக்கரத்தின் டி6 பதமே சுமார் 155 டிகிரி செல்சியசில் சில மணி நேரம் வைத்து உருவாக்கியது. பவுடர் கோட்டிங்கைச் சுடும் 180 முதல் 200 டிகிரியில் சில நிமிடங்கள் இருப்பதைச் சக்கரம் தாங்கும். பெயிண்டை எரித்து எடுக்கும் சூளையில் வெப்பம் அதைவிட மிக அதிகம். அங்கே சக்கரம் வலுவிழக்கும். வெளியே பார்த்தால் எந்த மாற்றமும் தெரியாது என்பதுதான் பயங்கரம்.

உரித்து முடித்ததும் ஒரு கணம் நின்று, ஸ்போக் விளிம்பைச் சேரும் இடங்களையும் நட்டுத் துளைகளைச் சுற்றியும் விரிசலுக்காகப் பாருங்கள். மயிரிழை போல ஒன்று தென்பட்டாலும் அந்தச் சக்கரத்தில் மேற்கொண்டு உழைக்க வேண்டாம்.

பளபளப்பாக்கும் வேலை

ஐந்து ஸ்போக் உள்ள 16 அங்குலச் சக்கரம் ஒன்றுக்கு 8 முதல் 10 மணி நேரம் ஒதுக்குங்கள். மெல்லிய ஸ்போக்குகள் பத்து பதினைந்து இருந்தால் இதற்குத் துணியாமல் பெயிண்டுக்குப் போவதே மேல். இடுக்குகளின் எண்ணிக்கைதான் நேரத்தைத் தீர்மானிக்கிறது, சக்கரத்தின் அளவு இல்லை.

வார்ப்புச் சொரசொரப்பு இருந்தால் 120-இல் தொடங்கலாம். கல் உரசிய விளிம்பில் மட்டும் 80. ஏற்கெனவே மழமழப்பான முகப்புக்கு 240 போதும். தொடங்கிய எண்ணிலிருந்து 180, 240, 320, 400, 600, 800, 1000 என்ற வரிசையில் ஒன்றையும் தாண்டாமல் போக வேண்டும். 320-லிருந்து வாட்டர் பேப்பர், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்ட தண்ணீர். ஒவ்வொரு எண்ணுக்கும் முந்தியதற்குக் குறுக்காகத் தேய்த்தால், பழைய கீறல் போய்விட்டதா என்று ஒரே பார்வையில் தெரியும். மார்க்கர் பேனாவால் முகப்பு முழுக்கக் கோடு இழுத்துவிட்டுத் தேய்ப்பது இன்னும் உறுதி. கோடு தங்கிய இடம் பள்ளம். எண் மாறும்போதெல்லாம் சக்கரத்தையும் வாளித் தண்ணீரையும் கையையும் கழுவி மாற்றுங்கள். 120 தாளிலிருந்து உதிர்ந்த ஒரே ஒரு துகள் 800-க்கு நடுவில் மாட்டினால் ஆழமான கோடு ஒன்றை இழுத்துக்கொண்டே போகும்.

பெரும்பாலான தோல்விகள் இங்கேதான் தொடங்குகின்றன. 240 முடிந்ததும் பொறுமையிழந்து பஃபிங்குக்குத் தாவுவார்கள். சோப்பு கீறலை அழிக்காது, அதன் மேட்டை மட்டும் மினுக்கும். நிழலில் பளிச்சென்று இருக்கும் சக்கரம் வெயிலில் கொண்டுபோய் வைத்ததும் கோடு கோடாகக் காட்டிவிடும். அந்தக் கோடு தெரிந்தால் மேலும் பஃப் பிடிக்காமல் இரண்டு எண் கீழே இறங்கித் திரும்பி வருவதே குறுக்கு வழி. வார்ப்பில் 600-க்கு மேல் ஊசிமுனைக் கறுப்புப் புள்ளிகள் தெரியலாம். அவை உலோகத்துக்குள்ளேயே இருக்கும் காற்றுத் துளைகள். துரத்தித் தேய்த்தால் அடியிலிருந்து புதிய துளைகள் திறக்கும். விட்டுவிடுங்கள்.

பஃபிங்குக்கு 150 மி.மீ. தைத்த பருத்திச் சக்கரமும் பழுப்பு நிற டிரிப்போலி சோப்பும் முதலில். பிறகு தைக்காத மென்பருத்தியும் வெள்ளைச் சோப்பும். ஒரு பருத்திக்கு ஒரே சோப்பு, கலக்கக் கூடாது. வேகம் நிமிடத்துக்கு 3000 சுற்று அளவில் இருக்கட்டும். 11,000 சுற்றில் ஓடும், வேகம் குறைக்க முடியாத கிரைண்டரில் இதை மாட்டினால் பருத்தி பிய்ந்து பறக்கும். டிரில்லில் மாட்டும் கூம்புப் பஞ்சு நட்டுக் குழிக்கும் இடுக்குக்கும். சோப்பை ஓடும் பருத்தியில் ஒன்றிரண்டு விநாடி தொட்டால் போதும். அதிகமானால் கறுப்புப் பிசுபிசுப்பு அப்பிக்கொள்ளும். மைதாவோ டால்கம் பவுடரோ தூவிப் பழைய பனியன் துணியால் துடைத்தால் அது போய்விடும். பருத்தி எப்போதும் ஓரத்தை விட்டு வெளியே ஓடும் திசையில் பிடியுங்கள். ஓரத்துக்கு எதிராகக் கொடுத்தால் இயந்திரம் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். தொங்கும் சட்டைக் கை, தளர்ந்த துணிக் கையுறை இரண்டும் கூடாது. உலோகத்தில் கைவைக்க முடியாத அளவு சூடேறினால் இடம் மாற்றுங்கள்.

கடைசியில் மெட்டல் பாலிஷால் கையால் ஒரு சுற்று. கொழுப்பு போக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அதே நாளில் மெழுகோ சீலன்ட்டோ பூசிவிட வேண்டும்.

பெயிண்ட் பக்கம்

அலுமினியம் வெளிப்பட்ட இடத்தைத் தேய்த்த சில மணி நேரத்துக்குள் எபாக்சியோ எட்ச் பிரைமரோ போட்டுவிடுங்கள். மறுநாள் வரை விட்டால் ஆக்சைடு படலம் தடித்து ஒட்டுதல் குறையும். பிரைமர் மெல்லியதாக இரண்டு தடவை, நிறம் இரண்டு மூன்று, கிளியர் இரண்டு மூன்று. இடையில் 10 முதல் 15 நிமிடம். ஒரு 400 மி.லி. டப்பா இரண்டு சக்கரங்களின் முகப்புக்கு வரும். ஹார்டனர் கலக்காத கிளியர் அடிக்க எளிது, ஆனால் பெட்ரோலும் பிரேக் ஆயிலும் பட்டால் இளகும். ஹார்டனர் கலந்த 2கே கிளியர் பல ஆண்டு உழைக்கும். அதில் இருக்கும் ஐசோசயனேட்டு ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது, மணத்தால் எச்சரிக்காது. அதற்கு வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி வேண்டும். டப்பாவில் வரும் 2கே-க்கும் இதே விதிதான். பிரைமரும் நிறமும் வீட்டில் முடித்து, கிளியரை மட்டும் ஸ்பிரே பூத் உள்ள பட்டறையில் அடித்து வாங்குவது நல்ல ஏற்பாடு. பிரைமர், நிறம், கிளியர் மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று அந்தப் பட்டறையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த வழியில் போனாலும் மூன்று இடத்தில் பெயிண்ட் ஏறக் கூடாது: ஹப்பில் (சக்கரம் மாட்டும் அச்சுத் தலை) அமரும் பின்முகம், நட்டு அமரும் குழி, டயர் காற்றைப் பிடிக்கும் உள்வளையம். நட்டுக்கு அடியில் தடித்த பெயிண்ட் நாளடைவில் நசுங்கி, நட்டின் இறுக்கம் தளரும். உள்வளையத்தில் படிந்தால் காற்று மெல்லக் கசியும். மாட்டும்போது காரின் கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு, நட்சத்திர வரிசையில் முறுக்குங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடியபின், சக்கரம் ஆறியிருக்கும்போது, எல்லா நட்டையும் டார்க் ஸ்பேனரால் மறுபடி சரிபாருங்கள்.